மேற்கோளும் ஏவலும்: விளையாட்டு நிரல்களில் பயனர் சொல்லைக் கையாளும் முறை

1. முன்னுரை

கணினி விளையாட்டுகளை உருவாக்கும் முறையைப் பற்றிப் பேச மொழியியல் படித்த ஒருவருக்கு என்ன இருக்கிறது என்று இவ்வுரையின் தலைப்பைக் கேட்ட நண்பர் ஒருவர் வினவினார். விளையாட்டை உருவாக்குவோர் எழுதுவதும் மொழி. அதை விளையாடுவோர் தட்டச்சு செய்வதும் மொழி. இவ்விரண்டும் ஓரிடத்தில் கலக்கும்பொழுது, எது யாருடைய சொல் என்ற வினா எழுகிறது. அவ்வினாவுக்கு விடை காண்பதில் இலக்கணம் பயின்றோர்க்கும் பங்கு உண்டு என்பது என் துணிபு.

சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பள்ளி விடுமுறைக் காலத்தில், உயர்நிலை மாணவர் சிலர் தாமே உருவாக்கிய தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்றைக் காண என்னை அழைத்திருந்தனர். கலைந்து கிடக்கும் எழுத்துகளைக் கொண்டு சொற்களை அமைக்க வேண்டும். வென்றோர் பெயர்கள் பெரிய திரையில் வரிசையாகத் தோன்றும். அன்று பிற்பகலில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. மாணவன் ஒருவன் தன் பெயரைக் கேட்ட கட்டத்தில், எழுத்தின் அளவைப் பன்மடங்கு பெரிதாக்கும் குறி ஒன்றைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதி, அதன்பின் ஒரே ஓர் எழுத்தை இட்டான். அவ்வோர் எழுத்து திரை முழுவதையும் அடைத்துக்கொண்டது. மற்றவர் பெயர்கள் கண்ணுக்குத் தெரியாமல் கீழே போயின. சிறிது நேரம் கழித்து விக்னேஸ்வரி என்னும் மாணவி தன் பெயரை எழுதினாள். பட்டியலில் ‘விக்னேஸ்வர’ என்று வந்தது. மீண்டும் எழுதினாள், மீண்டும் அவ்வாறே வந்தது. அரங்கில் சிலர் சிரித்தனர். மூன்றாம் முறை அவள் முயலவில்லை.

விளையாட்டை எழுதிய மாணவனுக்கு வயது பதினைந்து. “ஐயா, அந்தப் பையன் வேண்டுமென்றே குறும்பு செய்துவிட்டான், இந்தப் பெயர் மிக நீளம்” என்றான். “தம்பி, அவன் எழுதியதை உன் நிரல் ஏன் தன் சொல்லாக எடுத்துக்கொண்டது? ஆறெழுத்துப் பெயர் எப்படி நீளமாகும்?” என்று கேட்டேன். அவனிடம் விடை இல்லை. அன்று என்னிடமும் முழு விடை இல்லை. பின்னர்ப் படித்தும் கேட்டும் தெளிந்தவற்றை இங்கு முறைப்படுத்தித் தருகிறேன். அவற்றின் சாரம் இது: பயனர் தரும் சொல், நம் நிரலுக்குள் வரும் மேற்கோள். மேற்கோளை ஏவலாக மாற்றுவதும் பிழை. அதைச் சிதைப்பதும் பிழை. அன்று பிற்பகலில் இவ்விரு பிழைகளும் நிகழ்ந்தன.

2. திறமூலக் கருவிகள்

மாணவர் கையில் இன்று எளிதாகக் கிடைக்கும் விளையாட்டு உருவாக்கக் கருவிகளுள் பல திறமூல மென்பொருள்கள். அவற்றின் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். இரு பரிமாணம், முப்பரிமாணம் ஆகிய இருவகை விளையாட்டுகளையும் உருவாக்க உதவும் ‘கோடோ’ என்னும் எஞ்சின் அவற்றுள் ஒன்று. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சூர் ஆகிய இருவர் உருவாக்கிய இக்கருவி, 2014இல் எம்ஐடி உரிமத்தின்கீழ்த் திறமூலமாக வெளியிடப்பட்டது. சாமுவேல் பெக்கெட்டின் புகழ்பெற்ற நாடகத்திலிருந்து இதற்குப் பெயர் சூட்டினர். கட்டணமோ, விற்பனையில் பங்கோ கேட்காத உரிமம் என்பதால் பள்ளிக் கணினிக் கழகங்களுக்கு இது ஏற்றதாகிறது. உரையாடல் வடிவிலான கதை விளையாட்டுகளுக்குப் பைத்தான் மொழியை அடிப்படையாகக் கொண்ட ‘ரென்பை’ உள்ளது. முப்பரிமாண உருவங்களை வடிக்கப் ‘பிளெண்டர்’ உள்ளது. பிளெண்டரின் மூல நிரலை விடுவிக்க 2002இல் பயனர்கள் ஏழு வாரங்களில் ஒரு லட்சம் யூரோ திரட்டினர் என்பது திறமூல வரலாற்றில் நினைவுகூரத்தக்க செய்தி.

தமிழர்க்குக் கோடோவின் வளர்ச்சியில் தனிக் கவனம் தேவை. அதன் மூன்றாம் பதிப்பில் தமிழ் போன்ற எழுத்துமுறைகளுக்குரிய வடிவமைப்பு வசதி இல்லை. ‘கெ’ என்று எழுதினால் ஒற்றைக் கொம்பு ககரத்திற்கு முன்னே வந்து அமராது. பின்னே தனித்து நிற்கும். 2023 மார்ச்சில் வெளிவந்த 4.0 பதிப்பில், ஹார்ஃப்பஸ் என்னும் திறமூல நிரலகத்தின் துணையோடு இக்குறை நீங்கியது. ஒரு திறமூலக் கருவி மற்றொரு திறமூலக் கருவியைப் பயன்படுத்திக்கொண்டதால், தமிழ், அரபு, தாய் முதலிய மொழிகளை அதில் செம்மையாக எழுத முடிந்தது.

கருவி திறந்திருப்பதால் கிடைக்கும் பயன் இன்னொன்று உண்டு. அக்கருவியின் ஆபத்தான மூலைகளை அதன் ஆவணங்களே வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றன. பயனர் உள்ளீட்டைப் பாதுகாப்பாகக் கையாளுவது எப்படி என்று கோடோவின் கையேட்டில் ஒரு பகுதியே இருக்கிறது. அப்பகுதியைப் படித்திருந்தால் அந்தப் பதினைந்து வயது மாணவன் தலைகுனிந்திருக்க வேண்டியதில்லை. அதை விளங்கிக்கொள்ளச் சற்று இலக்கணத்திற்குச் செல்வோம்.

3. இலக்கணம் காட்டும் வேறுபாடு

தமிழில் முன்னிலை ஒருமை ஏவலுக்குத் தனி விகுதி வேண்டுவதில்லை. வினைப்பகுதியே ஏவலாக நிற்கும். நட, வா, போ, அழி என்பன அகராதியில் தலைச்சொற்களாகவும் நிற்கின்றன. ஒருவரை நோக்கிச் சொல்லும்பொழுது கட்டளைகளாகவும் ஆகின்றன. நன்னூலாரும் இவற்றை ஏவல் வினைப் பகாப்பதம் என்றே வகுத்து, இருபத்து மூன்று ஈறுகளில் அடக்கிக் காட்டுகிறார். ஆக, ‘அழி’ என்னும் சொல்லின் வடிவத்தை மட்டும் பார்த்து அது கட்டளையா அன்றா என்று சொல்ல இயலாது. அது நிற்கும் இடமே அதைத் தீர்மானிக்கிறது.

வகுப்பறையில் ஓர் ஆசிரியர் வெண்பலகையில் ‘அழி’ என்று எழுதி, இச்சொல்லுக்கு எதிர்ச்சொல் தருக என்கிறார். எந்த மாணவரும் எழுந்து சென்று பலகையை அழிப்பதில்லை. ‘ஆக்கு’ என்று விடை எழுதுகின்றனர். பலகையில் உள்ள சொல் எடுத்துக்காட்டப்பட்ட சொல் என்பதும், ‘தருக’ என்பது மட்டுமே தமக்கு இடப்பட்ட கட்டளை என்பதும் அவர்களுக்குத் தெரியும். சொல்லைப் பயன்படுத்துவதற்கும் சொல்லை எடுத்துக்காட்டுவதற்கும் உள்ள இவ்வேறுபாடு மொழியியலிலும் தருக்கவியலிலும் அடிப்படையானது.

தமிழ் இவ்வேறுபாட்டைக் காட்ட ‘என’, ‘என்று’ என்னும் சொற்களைக் கையாளுகிறது. தொல்காப்பிய இடையியல் ‘என’ என்பதற்கு ஆறு பொருள்களை வகுத்துக் கூறும் அளவுக்கு இச்சொல் நம் மொழியில் ஆழமாக வேரூன்றியது. ‘கதவைத் திற என்றான்’ என்னும் தொடரைப் படிப்பவர் கதவைத் திறப்பதில்லை. ‘என்றான்’ என்பதை எட்டியதும், முன் வந்தது வேறொருவர் கூற்று என்று அறிந்துகொள்கிறார். ஓலைச்சுவடிகளில் மேற்கோள்குறி இல்லை. கூற்று எங்குத் தொடங்குகிறது என்பதைப் படிப்போர் பொருளறிந்து உய்த்துணர்ந்தனர். அச்சு வந்த பின்னரே மேலைநாட்டுக் குறிகள் நம் எழுத்தில் நிலைபெற்றன.

கணினிக்கு உய்த்துணர்தல் இயலாது. கூற்றின் தொடக்கத்தையும் முடிவையும் அது குறிகளைக் கொண்டே அறிகிறது. இங்குதான் இடர் தோன்றுகிறது. கூற்றின் முடிவைக் காட்டும் குறியைக் கூற்றுக்குரியவரே தட்டச்சு செய்துவிட்டால், கணினி மேற்கோள் முடிந்துவிட்டது என்று கருதும். அதற்குப் பின் அவர் எழுதும் எல்லாம் நிரலாளரின் கட்டளையாகவே கொள்ளப்படும். பயனர் உள்ளீட்டின் வழியே நிகழும் தாக்குதல்களுள் பெரும்பகுதி இவ்வொரு குழப்பத்தின் வெவ்வேறு வடிவங்களே.

4. சதுர அடைப்புக்குறி

கோடோவில் வண்ணமும் தடிப்பும் கொண்ட உரையைக் காட்ட ‘ரிச்டெக்ஸ்ட் லேபிள்’ என்னும் உறுப்பு உண்டு. அதில் ‘பிபிகோடு’ என்னும் குறிமுறை பயன்படுகிறது. உண்மையான குறிகள் ஆங்கிலச் சுருக்கங்கள். விளக்கத்திற்காக அவற்றைத் தமிழில் எழுதுகிறேன். [தடி]வெற்றி[/தடி] என்று எழுதினால் ‘வெற்றி’ என்னும் சொல் தடித்த எழுத்தில் தோன்றும், அடைப்புக்குறிகள் தோன்றா. [அளவு=500] என்று எழுதினால் அதன்பின் வரும் எழுத்து மிகப் பெரிதாகும். [இணைப்பு=முகவரி] என்று எழுதினால் அழுத்தக்கூடிய இணைப்பு உண்டாகும்.

நம் மாணவன் வென்றோர் பட்டியலைக் காட்ட எழுதிய நிரல் எளியது: ‘[தடி]’, பயனர் பெயர், ‘[/தடி]’ என்னும் மூன்றையும் ஒட்டி, ஒரே உரையாக அவ்வுறுப்புக்கு அனுப்பினான். ஒட்டிய பின்னர் எது அவன் எழுதிய குறி, எது பயனர் எழுதிய குறி என்பதற்கு எந்த அடையாளமும் எஞ்சவில்லை. எனவே பயனர் எழுதிய [அளவு=500] என்பதையும் கோடோ கட்டளையாகவே நிறைவேற்றியது. கருவி பிழை செய்யவில்லை; சொன்னதைச் செய்தது. சொன்னவர் இருவர் என்பதே அதற்குத் தெரியவில்லை.

திரை மறைந்துபோனது சிறு தொல்லை. பலர் கூடி விளையாடும் விளையாட்டில் உரையாடல் கட்டம் இருந்தால் தொல்லை பெரிதாகும். ஒருவர் இணைப்புக் குறியை எழுதி, ‘இலவச நாணயம் பெற இங்கே அழுத்துக’ என்று கவர்ச்சியாகக் காட்டலாம். அழுத்தும் சிறுவரைக் கடவுச்சொல் கவரும் போலித் தளத்திற்கு அது கொண்டுசெல்லக்கூடும். இணைப்பு அழுத்தப்பட்டதும் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கோடோ நிரலாளரிடமே விட்டுவிடுகிறது. அவர் அம்முகவரியை ஆராயாமல் இயங்குதளத்திடம் கொடுத்துத் ‘திற’ என்றால், வலைத்தளம் மட்டுமன்றிக் கணினியில் உள்ள கோப்பும் திறக்கப்படலாம்.

தீர்வு எளியது. இடப்பக்கச் சதுர அடைப்புக்குறியை எழுத்தாகவே அச்சிடு என்று பொருள்படும் தனிக்குறி ஒன்று பிபிகோடில் உண்டு. அதை [இடக்குறி] என்று வைத்துக்கொள்வோம். பயனர் தந்த உரையில் ‘[’ வரும் ஒவ்வோரிடத்திலும் ‘[இடக்குறி]’ என்று மாற்றிவிட வேண்டும். பிறகு அதைப் பட்டியலில் சேர்க்கலாம். தொடக்கக் குறி இல்லாமல் கட்டளை அமையாது என்பதால், ‘]’ என்பதை மாற்ற வேண்டியதில்லை. ஆர்வ மிகுதியால் அதையும் அடுத்த படியாக மாற்றப் புகுந்தால், நாமே சேர்த்த ‘[இடக்குறி]’ என்பதன் முடிவுக்குறியும் மாறிக் குழப்பம் விளையும். இதைக் காட்டிலும் நல்ல வழி, குறிகளை ஆராயாமல் உரையை உள்ளபடியே சேர்க்கும் ‘ஆட்_டெக்ஸ்ட்’ என்னும் செயற்கூற்றைப் பயன்படுத்துவது. ‘அப்பெண்ட்_டெக்ஸ்ட்’ என்பது குறிகளை நிறைவேற்றும். ‘ஆட்_டெக்ஸ்ட்’ அவ்வாறு செய்யாது. இரண்டின் பெயரும் ஏறத்தாழ ஒரே பொருள் தருவதால் மாணவர் மயங்குகின்றனர். அலங்காரமே தேவையில்லாத இடத்தில் சாதாரண ‘லேபிள்’ உறுப்பைப் பயன்படுத்தினால் இச்சிக்கல் எழவே எழாது.

ரென்பையிலும் இதே நிலைதான். அங்கே சுருள் அடைப்புக்குறி கட்டளைக்குறி. பயனரின் பெயரை உரையாடலில் இடும்பொழுது, அதில் உள்ள குறிகளை எழுத்தாகவே கொள்க என்று காட்டும் அடையாளம் ஒன்றை மாறியின் பெயருக்குப் பின் சேர்க்கும் வசதி அதில் உண்டு. கருவிக்குக் கருவி குறி மாறினாலும் கொள்கை மாறுவதில்லை.

5. உரையாடல் வரி ஒன்று உலகை உலுக்கியது

இவை மாணவர் விளையாட்டின் சிறு தொல்லைகள் என்று எண்ணுவோர் 2021 டிசம்பர் மாதத்தை நினைவுகூர வேண்டும். ஜாவா மொழியில் எழுதப்படும் நிரல்கள், தாம் இயங்கும்பொழுது நிகழ்வனவற்றைக் குறித்துவைக்க ‘லாக்ஃபோர்ஜே’ என்னும் திறமூல நிரலகத்தைப் பயன்படுத்துகின்றன. அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின்கீழ்த் தன்னார்வலர்கள் பேணிவரும் நிரலகம் அது. குறிப்பேட்டில் எழுதும் உரையில் டாலர் குறியும் சுருள் அடைப்புக்குறியும் வந்தால், அவற்றின் உள்ளே இருப்பதை ஆராய்ந்து, அதற்குரிய மதிப்பைத் தேடி இடும் வசதி அதில் இருந்தது. தொலைவில் உள்ள வழங்கியை நாடி, அங்கிருந்து நிரலையே கொண்டுவந்து இயக்கும் வழியும் 2013இல் அதனுள் சேர்ந்துகொண்டது.

மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்பு இந்நிரலகத்தைப் பயன்படுத்தியது. விளையாடுவோர் ஒருவருக்கொருவர் எழுதும் உரையாடல் வரிகள் குறிப்பேட்டில் பதிந்தன. ஆகவே, ஒருவர் உரையாடல் கட்டத்தில் அக்குறிகள் கொண்ட ஒரு வரியை எழுதினால் போதும். வழங்கியிலும் உடன் விளையாடுவோர் கணினிகளிலும் அவர் விரும்பிய நிரலை இயக்கிவிட முடிந்தது. குறிப்பேட்டின் வேலை பிறர் கூறியதைக் ‘கூறினார்’ என்று பதிவுசெய்வது. அதுவோ கூறியதைக் கேட்டு நடக்கத் தொடங்கியது. நீதிமன்றத்தில் சாட்சி கூறுவதை எழுதிக்கொள்ளும் எழுத்தர், சாட்சி ‘அவன் கதவைப் பூட்டு என்றான்’ என்று சொன்னவுடன் எழுந்து சென்று நீதிமன்றக் கதவைப் பூட்டுவதற்கு இஃது ஒப்பானது.

‘லாக்ஃபோர்ஷெல்’ என்று பெயர் பெற்ற இப்பிழைக்குத் தீவிர அளவையில் பத்துக்குப் பத்து வழங்கப்பட்டது. விளையாட்டின் எல்லையைத் தாண்டி, அரசு அலுவலகங்கள், நிறுவனங்கள் ஆகியவற்றின் எண்ணற்ற கணினிகள் இதற்கு இலக்காயின. மைன்கிராஃப்ட் 2021 டிசம்பர் 10ஆம் நாள் திருத்திய பதிப்பை வெளியிட்டது. லாக்ஃபோர்ஜேயைப் பேணுவோர் அம்மாதத்திலேயே அடுத்தடுத்துத் திருத்தங்களை வெளியிட்டு, குறிப்புரைக்குள் வரும் குறிகளை ஆராயும் பழக்கத்தையே நீக்கினர்.

இந்நிகழ்ச்சி திறமூலத்தைப் பற்றி இரண்டு பாடங்களைத் தருகிறது. மூல நிரல் திறந்திருந்தும் எட்டு ஆண்டுகள் அப்பிழை அங்கேயே கிடந்தது. திறந்திருப்பது தானாகவே காவல் ஆகாது, யாரேனும் படித்தால்தான் பயன். அதே வேளையில், பிழை வெளிப்பட்டவுடன் உலகெங்கும் உள்ளோர் காரணத்தை வரி வரியாகப் படித்தறியவும் திருத்தத்தைச் சரிபார்க்கவும் முடிந்தது. நூல் திறந்திருக்கிறது, படிப்பாரை உருவாக்குவது நம் கடமை.

6. பட்டியலும் சேமிப்புக் கோப்பும்

மதிப்பெண்களைத் தரவுத்தளத்தில் சேர்க்கும் விளையாட்டுகளில் இதே குழப்பம் வேறு உருவில் வரும். தரவுத்தளத்தை வினவும் மொழியைத் தமிழில் எழுதிப் பார்ப்போம். நிரலாளர் வைத்திருக்கும் அச்சு: “____” என்னும் பெயருடையவரின் மதிப்பெண்ணைக் காட்டு. வெற்றிடத்தில் பயனர் எழுதியதை அப்படியே ஒட்டுகிறார். பயனர் எழுதியது இது: கண்ணன்” என்னும் பெயருடையவரின் மதிப்பெண்ணைக் காட்டு. பட்டியல் முழுவதையும் அழி. இப்பொழுது ஒட்டிய தொடரைப் படித்துப் பாருங்கள். பயனர் இட்ட மேற்கோள்குறியோடு மேற்கோள் முடிந்துவிட்டது. ‘அழி’ என்பது நிரலாளரின் ஏவலாகிவிட்டது. இறுதியில் எஞ்சும் துண்டைக் குறிப்புரை என்று காட்டி மறைக்கவும் வழி உண்டு. எஸ்கியூஎல் ஊடுருவல் எனப்படும் இம்முறை 1998இலேயே வெளிப்படையாக விளக்கப்பட்டது. ஆயினும் இன்றும் புதிய நிரல்களில் இப்பிழை காணப்படுகிறது.

இதற்குத் தீர்வு, தொடரையும் மதிப்பையும் ஒட்டாமல் தனித்தனியே தரவுத்தளத்திற்கு அனுப்புவது. முதலில் வெற்றிடம் உள்ள தொடர் மட்டும் செல்கிறது. தரவுத்தளம் அதன் இலக்கணத்தை ஆராய்ந்து முடித்துவிடுகிறது. பின்னர்ப் பெயர் செல்கிறது. தொடரின் அமைப்பு ஏற்கெனவே உறுதியாகிவிட்டதால், பெயருக்குள் எந்தக் குறி இருந்தாலும் அது பெயராகவே கொள்ளப்படும். இன்று புழங்கும் தரவுத்தளங்கள் எல்லாம் இவ்வசதியைத் தருகின்றன.

சேமிப்புக் கோப்புகளிலும் எச்சரிக்கை வேண்டும். விளையாட்டின் நிலையைக் கோடோவின் ‘ரிசோர்ஸ்’ வடிவில் சேமிப்பது எளிது. ஆனால் அவ்வடிவக் கோப்புக்குள் நிரலும் அடங்கியிருக்கலாம். நண்பர் பகிர்ந்த சேமிப்புக் கோப்பு என்று நம்பித் திறந்தால், அதனுள் இருக்கும் நிரல் நம் கணினியில் இயங்கும். வெறும் எண்களையும் சொற்களையும் மட்டும் தாங்கும் ‘ஜேசன்’ வடிவில் சேமித்து, படிக்கும்பொழுது ஒவ்வொரு மதிப்பும் எதிர்பார்த்த வகையினதா, எல்லைக்குள் அடங்கியதா என்று சரிபார்ப்பது பாதுகாப்பானது.

7. சிதையாமல் காத்தல்

இதுவரை கூறியது பயனர் சொல்லை ஏவலாக்காமை. இனி, அதைச் சிதைக்காமை. பாதுகாப்பைப் பற்றி எழுதுவோர் பலர் இரண்டாம் பகுதியைப் பேசுவதில்லை. அதன் விளைவைத் தமிழ் எழுதுவோர் அனுபவிக்கின்றனர்.

நீளத்திற்கு வரம்பு வைப்பது முறையானதே. 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மாரிஸ் புழு பயன்படுத்திய வழிகளுள் ஒன்று, உள்ளீட்டின் நீளத்தைக் கேளாமலே வாங்கிக்கொள்ளும் சி மொழிச் செயற்கூறு. 2011ஆம் ஆண்டின் சி மொழித் தரநிலை அச்செயற்கூற்றையே நீக்கிவிட்டது. ஆனால் எதை ஒன்று என எண்ணுகிறோம் என்பதே வினா. நம் மாணவன் பெயர்க் கட்டத்திற்கு இட்ட வரம்பு பத்து. கோடோ எண்ணுவது ஒருங்குறியின் குறியெண்களை. ‘விக்னேஸ்வரி’ என்னும் பெயரில் வி, க், னே, ஸ், வ, ரி என எழுத்துகள் ஆறு. குறியெண்களோ பதினொன்று: வகரமும் இகரக் குறியும் இரண்டு, ககரமும் புள்ளியும் இரண்டு, னகரமும் ஏகாரக் குறியும் இரண்டு, ஸகரமும் புள்ளியும் இரண்டு, வகரம் ஒன்று, ரகரமும் இகரக் குறியும் இரண்டு. பத்தாவதோடு வெட்டினால் கடைசி இகரக் குறி போய்விடுகிறது. பத்தெழுத்து வரம்பில் ஆறெழுத்துப் பெயர் இடம்பெறாமல் போனதன் காரணம் இதுவே. யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகளை எண்ணினால், ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் மூன்று வீதம் முப்பத்து மூன்று வரும்.

வரம்பை எழுத்தெண்ணிக்கையில் வைக்க வேண்டும். பயனர் ஓரெழுத்தாக உணர்வதை எவ்வாறு பிரித்தறிவது என்பதை ஒருங்குறியின் 29ஆம் இணைப்பு விதித்திருக்கிறது. கோடோ 4இன் உரைச் சேவைப் பகுதியிலும் எழுத்தெல்லைகளைக் கண்டறியும் வசதி உண்டு. தமிழில் இதை எழுதுவது மாணவர்க்கே எளிய பயிற்சி: உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனியே எண்ணப்படா, மற்றவை ஒவ்வொன்றும் ஓரெழுத்து.

அடுத்தது, எழுத்து மட்டுமே அனுமதி என்னும் சோதனை. பெயரில் தீய குறிகள் வாராமல் தடுக்கப் பலர் இதை எழுதுகின்றனர். பைத்தானில் ஒரு சரம் முழுவதும் எழுத்துகளால் ஆனதா என்று கேட்கும் செயற்கூறு ‘தமிழ்’ என்னும் சொல்லைக் கொடுத்தால் இல்லை என்கிறது. ஒருங்குறி வகைப்பாட்டில் இகரக் குறியும் புள்ளியும் எழுத்து என்னும் வகையில் சேரா, அவை சார்குறிகள். எனவே அச்சோதனை, நம் மொழியின் பெயரையே எழுத்தல்லாதது என்று தள்ளிவிடுகிறது. எழுத்துகளோடு சார்குறிகளையும் ஏற்கும்படி சோதனையை எழுத வேண்டும்.

மூன்றாவது, ஒப்பிடுதல். ‘கொடி’ என்னும் சொல்லின் முதலெழுத்தை ககரத்தோடு ஒகரக் குறி என இரு குறியெண்களாலும் எழுதலாம். ககரம், எகரக் குறி, ஆகாரக் குறி என மூன்றாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. சரியான விடை எழுதிய மாணவருக்குத் தவறு என்று காட்டும் விளையாட்டு, பாதுகாப்பானதாக இருந்தும் என்ன பயன்? தமிழில் இவ்வாறு இருவடிவம் பெறுவன ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளும் ஔ என்னும் உயிரும் ஆகிய நான்கே. இவற்றை ஒருவடிவமாக்கிய பின்னரே ஒப்பிட வேண்டும். ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒளவை’ என்று எழுதுவது வேறு சிக்கல். ஒருங்குறியின் ஒருவடிவ விதி அதை ‘ஔவை’ ஆக்காது. ஏற்பதா, திருத்துவதா என்பதைத் தமிழாசிரியர்தான் முடிவுசெய்ய வேண்டும். ககரமும் தமிழ் எண் ஒன்றும் ஒத்த தோற்றமுடையன என்பதால், ஒருவர் பெயரைப் போலத் தோன்றும் போலிப் பெயரை அமைக்க இயலும் என்பதையும் நினைவில் கொள்க.

கணினியில் தமிழை எழுதுவதற்கு இவ்வட்டாரம் ஆற்றிய பணி சிறிதன்று. 1997இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 மாநாடு நடைபெற்றது. மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கினார். அவர்கள் காலத்தில் தமிழைக் கணினிக்குள் செலுத்துவதே பெரும்பாடு. செலுத்திய தமிழ் உள்ளே சிதையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது நம் காலத்தின் பணி.

8. முடிவுரை

ஆசிரியப் பெருமக்கள் வகுப்பிலோ கழகத்திலோ விளையாட்டு உருவாக்கப் பயிற்சி நடத்தினால், ஒவ்வொரு உள்ளீட்டுக் கட்டத்திற்கும் நான்கு வினாக்களை மாணவரிடம் கேட்கலாம். இச்சொல் யாருடையது? இது செல்லும் இடத்தில் எந்தக் குறிகள் கட்டளையாகக் கொள்ளப்படும்? அவற்றை எழுத்தாகவே வைக்கும் வழி என்ன? தமிழில் எழுதினால் உள்ளே சென்றது சென்றவாறே வெளியே வருகிறதா? முதல் மூன்றும் எம்மொழியில் எழுதுவோர்க்கும் பொது. நான்காவதை நாம் கேளாவிட்டால் நமக்காக வேறு யாரும் கேட்கப்போவதில்லை. சோதிக்கும்பொழுது ‘குமார்’, ‘மாலா’ என்பவற்றோடு நின்றுவிடாமல், மெய்யும் உயிர்மெய்யும் கலந்த நீண்ட பெயர்களையும், அடைப்புக்குறியும் மேற்கோள்குறியும் கொண்ட சொற்களையும் இட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தப் பதினைந்து வயது மாணவன் மறுவாரம் விளையாட்டைத் திருத்திக் காட்டினான். அடைப்புக்குறி இட்ட பெயர், இட்டவாறே சிறிய எழுத்தில், பட்டியலில் ஒரு வரியாக நின்றது. யாரும் சிரிக்கவில்லை, சிரிக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. அதன் கீழ் விக்னேஸ்வரியின் பெயரை அவளே தட்டச்சு செய்தாள். ஆறெழுத்தும் வந்தன.